மைனஸ் 30-ல் ஒரு டிரெய்லர் வீடு

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் காம்போசிட் வால் கணக்கு போடாமல் யாரும் தப்பித்திருக்க முடியாது. மூன்று அடுக்குச் சுவர், உள்ளே இத்தனை டிகிரி, வெளியே இத்தனை டிகிரி, வெப்ப இழப்பு எவ்வளவு? 13 மார்க். விடையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். அந்தச் சுவருக்கு உள்பக்கம் ஒரு ஆள் தூங்கிக்கிட்டு இருந்தா அவருக்கு என்ன ஆகும்னு கேள்வித்தாள் கேட்காது, நாமும் கேட்டுக்க மாட்டோம். இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது. அவருடைய சுவர் 4 சென்டிமீட்டர். வெளியே மைனஸ் 30 டிகிரி.

இடம் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலம், வில்லிஸ்டன் ஊர். கனடா எல்லைக்குப் பக்கம். அங்கே பூமிக்கு அடியில் பாக்கன் என்கிற பாறை அடுக்கில் எண்ணெய் இருப்பது 1950-களிலேயே தெரியும், ஆனா எடுக்க வழி இல்லை. கிடைமட்டமாகத் துளை போடுவதும், அதிக அழுத்தத்தில் தண்ணீரும் மணலும் செலுத்திப் பாறையைப் பிளப்பதும் சேர்ந்து வந்த பிறகு, 2006-க்கு அப்புறம் எல்லாம் மாறிப்போச்சு. 2012-ல் எண்ணெய் உற்பத்தியில் அலாஸ்காவைத் தாண்டி டெக்சாஸுக்கு அடுத்த இடம். 2014-ல் ஒரு நாளைக்கு 10 லட்சம் பீப்பாய். 2010 கணக்கெடுப்பில் 15 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர், 2020-ல் 29 ஆயிரத்தைத் தாண்டியது.

வேலை இருந்தது, வீடு இல்லை. 2014 வாக்கில் வில்லிஸ்டனில் ஒரு சின்ன அபார்ட்மென்டின் வாடகை நியூயார்க்கை மிஞ்சிவிட்டதாக அமெரிக்கப் பத்திரிகைகள் எழுதின. கம்பெனி கட்டிக்கொடுத்த, ‘மேன் கேம்ப்’ என்று அழைக்கப்பட்ட தங்குமிடங்களில் இடம் கிடைத்தவர்கள் அதிர்ஷ்டக்காரர்கள். மற்றவர்களில் சிலர் காரிலேயே தூங்கினார்கள். 2014-ல் வந்த ‘தி ஓவர்நைட்டர்ஸ்’ ஆவணப்படம், அந்த ஊர்த் தேவாலயம் ஒன்றிலும் அதன் பார்க்கிங்கிலும் இரவைக் கழித்த தொழிலாளர்களைப் பற்றியதுதான். இன்னும் பலர் ஊரிலிருந்து வரும்போதே பிக்கப் டிரக்குக்குப் பின்னால் ஒரு டிராவல் டிரெய்லரை இழுத்துக்கிட்டு வந்தார்கள்.

டிராவல் டிரெய்லர் என்பது விடுமுறைக்கு ஏரிக்கரையில் போய் நாலு நாள் தங்கச் செய்த வண்டி. கட்டில், சமையல் மேடை, குளியலறை எல்லாம் உண்டு. ஆனா சட்டப்படி அது வீடு இல்லை. ஃபேக்டரியில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடுகளுக்கு அமெரிக்காவில் 1976 முதல் தேசிய விதிமுறை இருக்கு. இன்சுலேஷன் எவ்வளவு வேணும் என்பதும் அதில் வரும். டிராவல் டிரெய்லர் அந்த விதிக்குள் வராது. எடை குறைவா இருந்தாத்தான் டிரக் இழுக்கும், அதனால் முதலில் மெலிவது சுவர்தான். ‘ஃபோர் சீசன்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். அதை விற்பனைப் பேச்சாக மட்டும் எடுத்துக்கணும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நீளம் 8 மீட்டர், அகலம் 2.4, உயரம் 2.1 என்று ஒரு சாதாரண டிரெய்லரை எடுத்துக்குவோம். தரை, கூரை, நாலு சுவர் எல்லாம் சேர்த்தால் 82 சதுர மீட்டர். வெளியே அலுமினியத் தகடு, நடுவே 4 சென்டிமீட்டர் இன்சுலேஷன், உள்ளே மெல்லிய பிளைவுட். இன்சுலேஷனை மட்டும் பார்த்தா பரவாயில்லை போலத் தெரியும். ஆனா இடையிடையே மரச்சட்டமும் அலுமினியச் சட்டமும் ஓடுது. அது வழியா வெப்பம் குறுக்கு வழியில் வெளியேறும். எல்லாம் சேர்த்து, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1 வாட் இழப்பு என்று வைப்போம். உள்ளே 20, வெளியே மைனஸ் 30, வித்தியாசம் 50 டிகிரி.

ஜன்னல் தவிர்த்த 78 சதுர மீட்டரில் 3.9 கிலோவாட் போகும். ஜன்னல் வெறும் 4 சதுர மீட்டர்தான். ஆனா ஒற்றைக் கண்ணாடி, இழப்பு ஆறு மடங்கு, அதனால் 1.2 கிலோவாட். மொத்தப் பரப்பில் 5 சதவீதம்கூட இல்லாத கண்ணாடி, சுவர்கள் மொத்தமும் விடுவதில் மூன்றில் ஒரு பங்கை விடுது. அப்புறம் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு. உள்ளே இருக்கும் 40 கன மீட்டர் காற்று மணிக்கு இரண்டு தடவை மாறினால் இன்னொரு 1.4 கிலோவாட். மொத்தம் 6.5 கிலோவாட்.

இது பெரிசா சின்னதா என்று எப்படித் தெரியும்? நம்ம சமையலறைக்குப் போகலாம். ஒரு நாளைக்கு 6.5 கிலோவாட் என்றால் சுமார் 562 மெகாஜூல். டிரெய்லர் ஃபர்னஸின் திறன் 78 சதவீதம் என்று வைத்தால் 720 மெகாஜூல் எரிக்கணும். ஒரு கிலோ புரொப்பேன் 50 மெகாஜூல் தரும். விடை 14.4 கிலோ. நம்ம வீட்டு கேஸ் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அதாவது நம்ம வீட்டில் ஒரு மாசத்துக்கு மேல் வரும் சிலிண்டர், அங்கே ஒரே நாளில் காலி. சமையலுக்கு இல்ல, சும்மா உயிரோடு உட்கார்ந்திருக்க.

இன்னொரு விஷயமும் இந்தக் கணக்கில் ஒளிஞ்சிருக்கு. இப்படிப்பட்ட டிரெய்லர்களில் சாதாரணமாக இருப்பது 30 ஆயிரம் பி.டி.யு. ஃபர்னஸ். அது எரிப்பது 8.8 கிலோவாட், உள்ளே தருவது 6.9. மைனஸ் 30-ல் தேவை 6.5. அப்போ ஃபர்னஸ் கிட்டத்தட்ட நிற்காமல் ஓடும். மைனஸ் 40 ஆச்சுன்னா எவ்வளவு ஓடினாலும் உள்ளே 13 டிகிரிக்கு மேல் ஏறாது. அந்த மாநிலத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 51 டிகிரி. 1936 பிப்ரவரியில், பார்ஷல் என்ற ஊரில். பின்னாடி அதே ஊர்ப் பக்கம்தான் எண்ணெய் கிடைத்து இந்தக் கூட்டமே வந்தது.

காற்றைப் பற்றி ஒரு சின்னத் திருத்தம். வானிலைச் செய்தியில் ‘விண்ட் சில் மைனஸ் 45’ என்பார்கள். அது மனிதத் தோலுக்குச் சொல்வது. வெளியே மைனஸ் 30 என்றால் எவ்வளவு காற்றடித்தாலும் ஒரு குழாய் மைனஸ் 30-க்குக் கீழே போகாது. ஆனா சீக்கிரமா அங்கே போய்ச் சேரும். மரம் இல்லாத அந்தச் சமவெளியில் காற்று இடுக்கு வழியாகவும் நுழையும், டிரெய்லருக்கு அடியிலும் புகுந்து போகும். அதனால் அங்கே வந்தவர்கள் முதலில் செய்தது ‘ஸ்கர்ட்டிங்’. டிரெய்லரின் கீழ்விளிம்பிலிருந்து தரை வரைக்கும் சுற்றிலும் ஃபோம் பலகை வைத்து அடைப்பது. சிலர் வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள். மலிவு, ஆனா ஒரு பொறி போதும். ஜன்னலுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி ஹேர் டிரையரால் இழுத்து விட்டால் நடுவே காற்று அடைபட்டு இழப்பு பாதியாகும். இடுக்கையும் பாதி அடைச்சாச்சு, அடிப்பக்கக் காற்று மைனஸ் 5-ல் நிற்குது என்று வைத்துக் கணக்குப் போட்டால், 6.5 கிலோவாட் 4.7-க்கு இறங்கும். தினமும் 4 கிலோ கேஸ் மிச்சம்.

சிலிண்டருக்குப் போர்வை போர்த்தலாமா?

நம்ம ஊர் எல்.பி.ஜி-யில் பியூட்டேன் நிறைய இருக்கு. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி. அந்த சிலிண்டரை வில்லிஸ்டனில் வைத்தால் பியூட்டேன் எல்லாம் திரவமாகவே உள்ளே கிடக்கும். அங்கே விற்பது புரொப்பேன். அதன் கொதிநிலை மைனஸ் 42, அதனால் மைனஸ் 30-லும் ஆவியாகும். ஆனா அந்த அழுத்தம் ரொம்பக் குறைவு, வெளிக்காற்றை விட முக்கால் பங்குகூட அதிகம் இருக்காது. மைனஸ் 40-ஐத் தொட்டா சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், அடுப்புக்கு வராது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. ஃபர்னஸ் முழு வேகத்தில் ஓடும்போது வினாடிக்கு 0.18 கிராம் புரொப்பேன் ஆவியாகணும். ஆவியாக மறைவெப்பம் வேணும், சுமார் 75 வாட். அந்த 75 வாட் எங்கிருந்து வரும்? அந்த மைனஸ் 30 காற்றிலிருந்துதான்! சிலிண்டரின் உள்ளே திரவம் அதைவிடக் குளிர்ந்து போய், வெளியே இருக்கும் ‘சூடான’ மைனஸ் 30 காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். இப்போ ஒரு ஆள் பாவம், சிலிண்டருக்குக் குளிருமேன்னு போர்வை சுத்தறார். என்ன ஆகும்? வர்ற கொஞ்ச வெப்பத்தையும் தடுத்துட்டார். அழுத்தம் இன்னும் விழும். போர்வை வெப்பம் தராது, வெப்பத்தின் போக்கைத் தடுக்கும். அது எந்தத் திசையில் போகுதுன்னு பார்க்காமல் போர்த்தினால் இதுதான் கதை. சிலிண்டர் பாதி காலியானாலும் இதே பிரச்சினைதான், திரவம் தொடும் பரப்பு குறைஞ்சு போகும். அதனால் குளிர்காலம் முழுக்க இருப்பவர்கள் பெரிய டாங்கை வாடகைக்கு எடுத்து வெளியே வைத்துக்கொள்வார்கள். தினமும் சிலிண்டர் மாற்றும் வேலையும் மிச்சம்.

கரண்ட்டில் சூடாக்கலாமே என்று தோணும். டிரெய்லர்களில் பரவலாக இருக்கும் இணைப்பு 120 வோல்ட், 30 ஆம்பியர். 3.6 கிலோவாட்தான் மொத்தமே. 1,500 வாட் ஹீட்டர் இரண்டு போட்டு, அதோடு மைக்ரோவேவையும் ஓட்டினால் பிரேக்கர் விழும். நமக்குத் தேவை 6.5. ஆக கேஸ் இல்லாமல் முடியாது.

ஹீட்டர் போட்டால் குழாய் உறையும்

ஆனாலும் கேஸ் செலவைக் குறைக்க எல்லாரும் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி வைப்பார்கள். பார்க்கில் கரண்ட் வாடகையோடு சேர்த்தி என்றால் கேட்கவே வேண்டாம். ஹீட்டரை தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே வைப்பார்கள். குளிர் கொஞ்சம் விட்டு மைனஸ் 10 இருக்கும் ராத்திரியில் அறை 20 டிகிரி, ஃபர்னஸ் ஓடவே இல்லை, ஆள் நிம்மதியா தூங்குவார். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது.

காரணம் ஃபர்னஸின் குழல் அமைப்பு. குளிர்காலத்துக்கென்று கொஞ்சம் யோசித்துச் செய்த டிரெய்லர்களில், ஃபர்னஸின் சூடான காற்றில் ஒரு பகுதி தரைக்கு அடியில் போகும். தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டிகள், குழாய்கள் எல்லாம் அங்கேதான். அறையை ஹீட்டர் சூடாக்கிவிட்டதால் தெர்மோஸ்டாட் திருப்தியாகி ஃபர்னஸைக் கூப்பிடவில்லை. அறைக்கு வெப்பம் கிடைத்தது, அடிவயிற்றுக்குக் கிடைக்கலை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் வகுப்பில் சென்சாரை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம்னு ஒரு வரியில் சொல்லிட்டுப் போவாங்க. இங்கே அது உடைந்த குழாயாக வந்து நிற்குது. விவரம் தெரிந்தவர்கள் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டிலிருந்து தள்ளி, குளிக்கும் அறைப் பக்கம் வைத்து, ஃபர்னஸ் அடிக்கடி ஓடும்படி பார்த்துக்கொள்வார்கள்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். பனிக்கட்டி இருக்கும் இடத்தில்தான் குழாய் வெடிக்கும்னு நினைப்போம், பெரும்பாலும் அப்படி இல்லை. வளரும் பனிக்கட்டி ஒரு பிஸ்டன் மாதிரி மீதித் தண்ணீரை மூடிய டேப் பக்கம் தள்ளும். அங்கே அழுத்தம் ஏறி, பலவீனமான இணைப்பு விடும். அதனால்தான் டேப்பை லேசாகச் சொட்ட விடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் ஹோஸுக்கு உள்ளேயே ஹீட்டிங் கம்பி ஓடுகிற வகை கிடைக்கும். கழிவுத் தொட்டி விஷயம் கொஞ்சம் அசிங்கம், ஆனா சொல்லித்தான் ஆகணும். அதன் வால்வைத் திறந்தே வைத்தால் கொஞ்சம் கொஞ்சமா கசிந்து வரும் தண்ணீர் வெளி ஹோஸில் அடுக்கடுக்காக உறைந்து, ஹோஸ் முழுக்க ஒரே தடியாக நிற்கும். மூடி வைத்து, தொட்டி நிறைஞ்சதும் ஒரே மூச்சில் விடணும். மைனஸ் 30-ல் அந்தத் தடியை உடைக்கிற வேலையை 12 மணி நேர ஷிஃப்ட் முடிஞ்சு வந்த ஆள் செய்வதை நினைச்சுப் பாருங்க.

சுவரில் வியர்வை

இதுவரை இடுக்கை அடை, இடுக்கை அடை என்று சொன்னேன். அடைச்சா அடுத்த பிரச்சினை வரும். உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை சுமார் 9 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் படியும். ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் கணக்குப்படி மைனஸ் 19. அதனால் ஜன்னலில் தண்ணீர் கூட இல்லை, உறைபனியே படியும். சுவர் நடுப்பகுதி 13 டிகிரி, தப்பிச்சிடும். ஆனா கட்டில் மெத்தைக்குப் பின்னால், அலமாரிக்கு உள்ளே காற்றோட்டம் கிடையாது, அறைச் சூடு அங்கே போகாது. மெத்தை நல்ல இன்சுலேஷன் வேறு. அங்கேதான் பூஞ்சை. மார்ச்சில் மெத்தையைத் தூக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஈரம் எங்கிருந்து வருது? மூச்சு, குளியல், காயப்போட்ட துணி. எல்லாத்தையும் விட அடுப்பு. ஒரு மூலக்கூறு புரொப்பேன் எரிந்தால் 4 மூலக்கூறு தண்ணீர் வரும். எடையில் சொன்னால் 1 கிலோ கேஸுக்கு 1.6 கிலோ தண்ணீர். இரண்டு பர்னரை ஒரு மணி நேரம் எரித்தால் கிட்டத்தட்ட அரை லிட்டர். அந்த 40 கன மீட்டர் காற்று 20 டிகிரியில் தாங்கக்கூடிய மொத்த நீராவியே 700 கிராம்தான். ஃபர்னஸும் கேஸ்தானே எரிக்குது என்று கேட்கலாம். அது வெளிக்காற்றை உறிஞ்சி, தனி அறைக்குள் எரித்து, புகையை வெளியே விட்டுவிடும். உள்ளே வருவது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியா சூடு மட்டும். அடுப்பில் எல்லாமே உள்ளே.

தீர்வு விசித்திரமானது. கூரை வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வைக்கணும். மைனஸ் 30 காற்றில் ஈரம் ஒரு கன மீட்டருக்கு அரை கிராம்கூட இருக்காது. அது உள்ளே வந்து சூடானால் ஈரத்தை உறிஞ்சும் துணி மாதிரி. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை வேண்டுமென்றே வெளியே விட மனசு வராது. பலர் மூடிவிடுவார்கள்.

ராத்திரி 3 மணி

மூடுவதில் இன்னொரு ஆபத்து இருக்கு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத்தான்.

கரண்ட் போகுதுன்னு வைப்போம். கேஸ் நிறைய இருக்கு. ஆனா ஃபர்னஸின் காற்றாடி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுது, சுமார் 8 ஆம்பியர். 80 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி இந்தக் குளிரில் பாதிதான் தரும். 40-ஐ 8-ஆல் வகுங்க. ராத்திரி 10 மணிக்குக் கரண்ட் போனால் 3 மணிக்கு ஃபர்னஸ் நின்னுடும். தீர்ந்துபோன பேட்டரி இன்னொரு வேலையும் பண்ணும். முழுசா சார்ஜ் ஆன பேட்டரியின் அமிலம் மைனஸ் 60 வரை உறையாது, சார்ஜ் போனால் அது வெறும் தண்ணீர் மாதிரி, மைனஸ் 10-லேயே உறைந்து பேட்டரி வெடிச்சுப்போகும்.

குளிரில் எழுந்த ஆள் என்ன செய்வார்? கையில் இருப்பது அடுப்பு. பற்ற வைப்பார். வென்ட் ஏற்கெனவே மூடியிருக்கு, இடுக்கெல்லாம் டேப் ஒட்டியாச்சு. ஆக்சிஜன் குறையக் குறைய எரிவது அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் அதிகமாக அதைப் பிடிக்கும். தலைவலி, குமட்டல், அசதி, தூக்கம். 12 மணி நேரம் ரிக்கில் வேலை பார்த்தவனுக்கு இதெல்லாம் தினமும் இருப்பதுதானே? அதை அறிகுறின்னு அவன் எப்படி நினைப்பான்?

அடுப்பே பற்ற வைக்காதவருக்கும் வரலாம். பனி குவிந்து ஃபர்னஸின் புகைவாயை மூடலாம். ஜெனரேட்டர் புகை ஸ்கர்ட்டிங்குக்குள் மாட்டிக்கிட்டு தரை இடுக்கு வழியா ஏறலாம். குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் போயிடுமோன்னு பக்கத்திலேயே ஓடவிட்ட டிரக்கின் புகையாக இருக்கலாம். அந்த ஊர் வண்டிகளின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்குவது இதுக்குத்தான். இன்ஜினைச் சூடாக வைக்கும் ஹீட்டரை ராத்திரி கரண்ட்டில் மாட்டிவிட்டால் டிரக்கை ஓடவிட வேண்டாம். அதுக்கும் நூற்றுக்கணக்கில் வாட் வேணும், நம்ம 3.6 கிலோவாட்டிலேயே அதையும் ஓட்டினால் ரூம் ஹீட்டர் ஒன்றை அணைக்கணும்.

டிரெய்லரில் கார்பன் மோனாக்சைடு அலாரம் உண்டு. பல மாடல்கள் அதே 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடும். ஃபர்னஸ் நின்ற அதே 3 மணிக்கு, அடுப்பைப் பற்ற வைக்கும் நேரத்தில், அலாரமும் செத்திருக்கும். இரண்டுக்கும் ஒரே பேட்டரி. இதைச் சரிசெய்ய பெரிய இன்ஜினியரிங் எதுவும் தேவையில்லை. சாதாரண ட்ரை செல்லில் ஓடும் இன்னொரு அலாரம், கட்டிலுக்குப் பக்கத்தில். படுக்கும் முன் வெளியே ஒரு தடவை போய் மண்வெட்டியால் புகைவாயில் இருக்கும் பனியை விலக்கிட்டு, உள்ளே வந்து அலாரத்தின் டெஸ்ட் பட்டனை அமுக்கி, அது கத்துதான்னு கேட்டுட்டு விளக்கை அணைக்கணும்.